பெயர் ஓரிடம், ஆட்கள் வேறிடம்: பெல்கிரேடின் ‘நின்’ வார இதழ்

செர்பியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் ஒரு விநோதம் நடக்கிறது. முந்தைய ஆண்டின் சிறந்த நாவல் எது என்பதை, முதன்மையாக அரசியல் எழுதும் ஒரு வார இதழ் அறிவிக்கிறது. நாடும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சண்டைக்குத் தயாராகிறது. பரிசு பெற்ற நாவல் புத்தகக் கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிடும். நடுவர்களுக்கு இலக்கியம் தெரியுமா என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த இதழின் பெயர் ‘நின்’. ‘நெதெல்னே இன்ஃபோர்மாதிவ்னே நோவினே’ என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர் அது. வாராந்தரச் செய்தித்தாள் என்பதற்கு மேல் அதில் எந்தக் கவித்துவமும் இல்லை.

2024 தொடக்கத்தில் இந்த இதழின் ஆசிரியர் குழு ஏறக்குறைய கூண்டோடு வெளியேறி, சில வாரங்களில் வேறொரு பெயரில் புதிய வார இதழைத் தொடங்கியது. ‘நின்’ நின்றுபோகவில்லை. புதிய உரிமையாளர், புதிய ஆட்கள், பழைய பெயர் என்று தொடர்ந்து வருகிறது. அப்படியானால் எது ‘நின்’? பெயர்ப்பலகை இருக்கும் இடமா, அதை எழுதியவர்கள் போன இடமா? செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இந்தக் கேள்வி புதிதல்ல. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘வ்ரேமே’ என்ற வார இதழ் பிறந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. ஒரு பத்திரிகையின் பெயரை விற்கலாம், வாங்கலாம். அதன் மீதுள்ள நம்பிக்கை விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. செர்பிய வார இதழ்களின் கதையை இந்த ஓர் உண்மையை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

‘நின்’னின் முதல் இதழ் 1935 ஜனவரி 26 அன்று வெளிவந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் செர்பியா அன்று அங்கமாக இருந்த யூகோஸ்லாவியாவின் அரசர் அலெக்சாந்தர் பிரான்சின் மார்சேய் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். 1929 இல் அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்துக் கொண்டுவந்த எதேச்சாதிகாரத்தின் பிடி இன்னும் முழுதாகத் தளரவில்லை. அந்த இடைவெளியில் இடதுசாரிச் சாய்வுள்ள இளைஞர்கள் சிலர் ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். 26 இதழ்கள் வந்தன; அத்தோடு கதை முடிந்தது. இன்றைய ‘நின்’ தன் பிறந்தநாளாக அந்த ஜனவரி 26 ஐத்தான் சொல்லிக்கொள்கிறது என்றாலும், உண்மையில் நமக்குத் தெரிந்த இதழ் பிறந்தது 1951 ஜனவரியில்தான்.

அந்த ஆண்டுக்கு ஒரு பொருள் உண்டு. 1948 இல் யூகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். மாஸ்கோவின் அச்சில் வார்த்த பத்திரிகைகள் இனிப் பொருந்தாது. மேற்கு நாடுகள் பார்த்து வியக்கும்படியும், அதே நேரம் கட்சிக்குத் தலைவலி தராதபடியும் ஒரு பத்திரிகை உலகம் தேவைப்பட்டது. 1904 இல் தொடங்கப்பட்ட ‘பொலிதிகா’ நாளிதழின் நிறுவனத்திலிருந்து ‘நின்’ மறுபிறவி எடுத்தது இந்தச் சூழலில்தான். யூகோஸ்லாவியாவில் அச்சுக்கு முன்பே ஒவ்வொரு வரியையும் பார்த்து முத்திரை குத்தும் சோவியத் பாணி ஏற்பாடு வேரூன்றவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஆசிரியரை நியமிப்பதில் கட்சிக்குச் சொல் உண்டு. எதுவரை போகலாம் என்பதை ஆசிரியர் தானாகவே தெரிந்து வைத்திருப்பார். எல்லைக்கோடு எங்கும் வரைந்து வைக்கப்படவில்லை. அதனால் திறமையான ஆசிரியர்கள் அதை வாரம் ஒரு விரற்கடை நகர்த்திப் பார்த்தார்கள்.

நாளிதழ் தலைவரின் உரையை அப்படியே போடும். வார இதழுக்கு அந்த உரைக்குப் பின்னால் இருப்பதை எழுத இடமுண்டு. ‘நின்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு அரசியல், பொருளாதாரத் தகராறுகள், நாடகம், சினிமா என எல்லாவற்றையும் பற்றி நீளமாக எழுதும், வாசகனை அறிவாளியாக மதிக்கும் இதழ் என்ற பெயர் அதற்கு வந்தது. அதை வாங்குவது பெல்கிரேடில் மட்டுமன்றி யூகோஸ்லாவியாவின் மற்ற நகரங்களிலும் படித்த குடும்பங்களின் வழக்கமானது. குரோஷியாவின் ஜாக்ரெப், ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரங்களிலும் இதற்கு இணையான வார இதழ்கள் இருந்தன என்றாலும், கூட்டாட்சி முழுவதற்கும் பேசும் இதழ் என்ற தோரணை ‘நின்’னுக்கு இருந்தது.

எல்லைக்கோட்டை நகர்த்தியவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு ஃப்ரானே பார்பியேரி நல்ல உதாரணம். குரோஷியாவிலிருந்து வந்து ‘நின்’ இதழின் முதன்மை ஆசிரியரானவர் அவர். 1972 அக்டோபரில் செர்பியக் கட்சித் தலைமையில் இருந்த தாராளவாதிகளான மார்கோ நிகேசிச், லாத்திங்கா பெரோவிச் ஆகியோரை டிட்டோ வெளியேற்றியபோது, அந்தக் காற்று பத்திரிகை அலுவலகங்களுக்குள்ளும் வீசியது. பார்பியேரி போக வேண்டியதாயிற்று. அவர் இத்தாலிக்குப் போய் அங்குள்ள நாளிதழ்களில் எழுதினார். இத்தாலிய, ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சிகள் மாஸ்கோவிடமிருந்து விலகிப்போன போக்குக்கு 1975 இல் ‘யூரோகம்யூனிசம்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. பெல்கிரேடு துரத்திவிட்ட ஓர் ஆசிரியர் கொடுத்த பெயரை ஐரோப்பிய அரசியல் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தியது.

இனி பரிசு. ‘நின்’ பற்றிய எந்தப் பேச்சும் இங்கு வந்துதான் ஆக வேண்டும்.

1954 இல் தொடங்கிய பரிசு இது. அந்த ஆண்டின் சிறந்த நாவல் ஒன்றுக்கு மட்டும். முதல் பரிசு தோப்ரிட்சா சோசிச்சுக்குப் போனது. அப்போது அவர் இளம் கம்யூனிஸ்ட் எழுத்தாளர். பின்னாளில் செர்பியத் தேசியவாதத்தின் தந்தை என்று சிலராலும், அதன் பழிக்குப் பொறுப்பாளி என்று வேறு சிலராலும் அழைக்கப்பட்டு, 1992 இல் சுருங்கிப்போன யூகோஸ்லாவியாவின் அதிபராகவும் ஆனவர். பெற்றவர்களின் பட்டியலை வரிசையாகப் படித்தால் அந்த மொழியின் இலக்கிய வரலாற்றையே பாதி படித்துவிடலாம்: மிரோஸ்லாவ் கர்லேழா, மேஷா செலிமோவிச், போரிஸ்லாவ் பெகிச், தனிலோ கிஷ், அலெக்சாந்தர் திஷ்மா, மிலோராத் பாவிச். 1959 இல் தகுதியான நாவல் இல்லை என்று பரிசையே நிறுத்திவைத்தார்கள். ஆஸ்கர் தாவிச்சோவுக்கு மூன்று முறை கொடுத்தார்கள். இன்று அவரைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 1961 இல் நோபல் வாங்கிய இவோ ஆந்த்ரிச்சின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அவரது பெரிய நாவல்கள் 1945 இலேயே வெளிவந்துவிட்டன. பரிசு அவருக்குத் தாமதமாகப் பிறந்துவிட்டது.

தனிலோ கிஷ்ஷின் விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1972 ஆம் ஆண்டுக்கான பரிசு அவருடைய ‘மணற்கடிகை’ நாவலுக்குக் கிடைத்தது. நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸில் மறைந்த தன் தந்தையின் கடிதம் ஒன்றை மையமாக வைத்து எழுதிய நாவல் அது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஸ்டாலின் கால வதைமுகாம்களைப் பற்றிய அவரது கதைத் தொகுப்பு வெளிவந்ததும், வேறு நூல்களிலிருந்து திருடியது என்று பெல்கிரேடு இலக்கிய வட்டாரத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. ஆவணங்களைப் புனைவுக்குள் கொண்டுவருவதுதான் அந்தத் தொகுப்பின் முறையே. அது தெரியாமல் குற்றம் சாட்டியவர்கள் சிலர், தெரிந்தே சாட்டியவர்கள் சிலர். கிஷ் சும்மா இருக்கவில்லை. குற்றம் சாட்டியவர்களின் இலக்கிய அறிவை வரிவரியாகப் பிரித்துப்போட்டு 1978 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதற்காக அவர் மீது அவதூறு வழக்குப் போடப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. ‘நின்’ பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 1979 இல் பாரிஸுக்குப் போனார். 1989 இல் அங்கேயே இறந்தார். அவரை அடக்கம் செய்தது பெல்கிரேடில்.

பரிசைத் திருப்பிக் கொடுத்தால் அது சிறுத்துவிடும் என்று ஒருவர் நினைக்கலாம். நடந்தது நேர்மாறு. கிஷ் திருப்பிக் கொடுக்குமளவுக்குப் பெறுமதி உள்ள பரிசு என்று ஆகிவிட்டது.

1988 ஆம் ஆண்டுக்கான பரிசு துப்ராவ்கா உக்ரேஷிச்சுக்கு. இதைப் பெற்ற முதல் பெண் அவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் எடுத்திருக்கிறது. அவர் ஜாக்ரெப்காரர். பெல்கிரேடு இதழ் ஒன்று ஜாக்ரெப் எழுத்தாளருக்குப் பரிசு கொடுப்பதை அன்று யாரும் செய்தியாகப் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளில் யூகோஸ்லாவியா உடைந்து, போர் மூண்டு, இரு நகரங்களுக்கும் இடையே தொலைபேசி இணைப்புகூட ஒழுங்காக இல்லை. ஜாக்ரெப்பின் ‘குளோபஸ்’ வார இதழ் 1992 டிசம்பரில் அவரையும் வேறு நான்கு பெண்களையும் சூனியக்காரிகள் என்று எழுதியது. அவர் நாட்டைவிட்டுப் போனார். யூகோஸ்லாவியாவுக்கான பரிசு செர்பிய மொழிக்கான பரிசாகச் சுருங்கியது. 1994 ஆம் ஆண்டுக்கு அது 29 வயது விளாதிமிர் அர்செனியேவிச்சின் முதல் நாவலுக்குப் போனது. குரோஷிய நகரமான வுகோவாரின் முற்றுகை நடக்கும் 1991 இலையுதிர்காலத்தில், கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பயந்து கிடக்கும் பெல்கிரேடு இளைஞர்களின் கதை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதற்குப் போகாதவர்களைப் பற்றிய நாவலுக்குப் பரிசு கொடுத்த நடுவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

இந்தப் பரிசினால் இதழுக்கு ஒரு கவசம் கிடைத்தது. ஒரு பொறியும் கிடைத்தது. அரசியல் பக்கங்கள் மங்கிப்போன காலங்களிலும் ஜனவரி வந்தால் ‘நின்’ என்ற பெயர் நாடெங்கும் ஒலிக்கும். பக்கங்களில் என்ன இருந்தாலும் பெயர் மட்டும் தனியாக வாழக் கற்றுக்கொண்டது. பெயருக்குத் தனி விலை உண்டானதும் இதனால்தான்.

1987 செப்டம்பரில் செர்பியக் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டம் ஒன்றில் பின்னாளில் செர்பிய அதிபரான ஸ்லோபொதான் மிலோஷேவிச் தன் எதிரணியை வீழ்த்தினார். பத்திரிகைகளைக் கைப்பற்ற அவருக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை; ஆட்களை மாற்றினால் போதுமானதாக இருந்தது. ‘பொலிதிகா’ நிறுவனம் அவர் பக்கம் சாய்ந்தது. அந்த நாளிதழில் 1988 முதல் 1991 வரை ‘எதிரொலிகளும் எதிர்வினைகளும்’ என்ற பகுதி வந்தது. வாசகர் கடிதம் என்ற பெயரில் குரோஷியர்கள், அல்பேனியர்கள், ஸ்லோவேனியர்கள் மீது வெறுப்பை நாள்தோறும் கொட்டிய பகுதி அது. அந்தக் கூரையின் கீழ் இருந்த ‘நின்’ அந்த அளவுக்குத் தரம் தாழவில்லை. ஆனால் நனையாமலும் தப்பவில்லை.

பெல்கிரேடின் பெரிய பத்திரிகைகளில் இடம் சுருங்கிப்போன செய்தியாளர்கள் சிலர் இந்தக் காலத்தில் ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்தார்கள். ஸ்ர்ஜா போபோவிச் என்று பெயர். (மிலோஷேவிச்சை வீழ்த்திய மாணவர் இயக்கமான ‘ஓத்போர்’ தலைவர்களில் ஒருவருக்கும் இதே பெயர், இணையத்தில் தேடினால் அவர்தான் முதலில் வருவார். இவர் வேறு.) டிட்டோ காலத்தில் அரசியல் வழக்குகளில் எதிர்ப்பாளர்களுக்காக வாதாடியவர். 1976 இல், தன் கட்சிக்காரரின் கருத்தை ஆதரித்து வாதாடியதற்காகவே தண்டிக்கப்பட்டவர். 1990 அக்டோபர் 29 அன்று ‘வ்ரேமே’ முதல் இதழ் வெளிவந்தது. அரசோ கட்சியோ பின்னால் இல்லாத செய்தி வார இதழ். செர்பியாவில் அன்று அது புதுமை.

‘வ்ரேமே’ எதைச் செய்ததால் பெயர் வாங்கியது? ஆவேசமான தலையங்கங்கள் அதில் இருந்தன. ஸ்தோயன் செரோவிச்சின் பத்தி நையாண்டியும் கோபமும் கலந்தது. கேலிச்சித்திரக்காரர் கோரக்ஸ் வரைந்த மிலோஷேவிச்சை ஒருமுறை பார்த்தவர்கள் நிஜ மிலோஷேவிச்சை அதன்பின் பழைய கண்ணோடு பார்த்திருக்க முடியாது. ஆனாலும் இதழின் எடை வேறிடத்தில் இருந்தது. எந்தப் படைப்பிரிவு எங்கே இருக்கிறது, துணைப்படைகளுக்கு ஆயுதம் எந்தக் கிடங்கிலிருந்து போகிறது, யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற வகைச் செய்திகளைத் தேடி எழுதினார்கள். ராணுவ விவகாரங்களை எழுதிய மிலோஷ் வாசிச் இதில் முன்னணியில் இருந்தார். அமெரிக்காவின் எல்லா டிவி நிலையங்களும் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் சொல்லும் ஒரே கொள்கையை ஐந்து ஆண்டுகள் ஒலிபரப்பினால் அங்கும் போர் வரும் என்று அவர் வெளிநாட்டவர்களுக்கு விளக்குவார். ‘வ்ரேமே’ எதற்கு எதிராக நின்றது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே வாக்கியத்தில் இதழின் பலவீனமும் இருக்கிறது. போரை நடத்தியது டிவி. செர்பியாவின் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் மாலைச் செய்தியைத் தவிர வேறெதுவும் போய்ச் சேரவில்லை. 1993 இல் பணவீக்கம் வானத்தைத் தொட்டு, அந்த டிசம்பரில் 500 பில்லியன் தினார் நோட்டு அச்சடிக்கப்பட்ட நாட்டில், வார இதழுக்குக் காசு எடுத்து வைப்பவர்கள் எத்தனை பேர்? பெல்கிரேடில் 2 ஆம் எண் டிராம் நகர மையத்தைச் சுற்றி வரும். அந்தத் தண்டவாள வட்டத்துக்குள் வாழும் படித்த கூட்டத்தைக் கிண்டலாக ‘இரண்டின் வட்டம்’ என்பார்கள். ‘வ்ரேமே’ அந்த வட்டத்துக்கான இதழ் என்ற ஏச்சு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஏச்சில் உண்மை இல்லாமல் இல்லை.

அந்த வட்டத்தை விட்டால் அது மிக அதிகமாக வாசிக்கப்பட்ட இடம் வெளிநாடு. ஐ.நா. தடைகளால் நாடு அடைக்கப்பட்டிருந்தபோது ‘வ்ரேமே’யின் ஆங்கிலச் சுருக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. தூதரகங்களும் வெளிநாட்டு நிருபர்களும் பல்கலைக்கழகங்களும் செர்பியாவைத் தெரிந்துகொண்டது பெருமளவு அதன் வழியாகத்தான். மிலோஷேவிச் அந்த இதழை மூடாமல் விட்டதற்கும் இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். டிவி தன் கையில் இருக்கும் வரை, சிறு எண்ணிக்கையில் விற்கும் ஒரு வார இதழ் பெரிய தொல்லை இல்லை. எங்கள் நாட்டிலும் சுதந்திரப் பத்திரிகை இருக்கிறது பாருங்கள் என்று காட்டவும் உதவும். தேசத்துரோகிகள் என்று வசைபாட ஆட்களும் தயாராக இருந்தார்கள். போஸ்னியாவில் செர்பியப் படை இலக்குகள் மீது வான்தாக்குதல் கோரி 1993 இல் அமெரிக்க அதிபர் கிளின்டனுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் போபோவிச்சும் கையெழுத்திட்டிருந்தார். வசைபாடுவோருக்கு அது வாகாகப் போயிற்று.

பொறுத்துக்கொள்ளும் காலம் 1998 இல் முடிந்தது. செர்பியாவின் தென் மாகாணமான கொசோவோவில் நெருக்கடி முற்றி, நேட்டோ தாக்கும் என்ற பேச்சு வந்தபோது, அக்டோபர் 20 அன்று புதிய பொதுத் தகவல் சட்டம் நிறைவேறியது. புகார் வந்த 24 மணி நேரத்தில் விசாரணை. எழுதியது உண்மை என்று பத்திரிகைதான் நிரூபிக்க வேண்டும். தவறினால் தாங்க முடியாத அபராதம். சில நாட்களிலேயே அது ‘எவ்ரோப்ளியானின்’ என்ற இதழின் மீது பாய்ந்தது. அதன் வெளியீட்டாளர் ஸ்லாவ்கோ சுருவியா, செய்தியாளர் அலெக்சாந்தர் தியானிச்சோடு சேர்ந்து மிலோஷேவிச்சுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். அபராதம் 24 லட்சம் தினார். சுருவியா ஒரு காலத்தில் ஆளும் குடும்பத்துக்கு நெருக்கமானவர். அதனால் கோபம் இரட்டிப்பானது. நேட்டோ குண்டுவீச்சு தொடங்கி மூன்று வாரம் ஆவதற்குள், 1999 ஏப்ரல் 11, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் அன்று, பெல்கிரேடு மையத்தில் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். முன்னாள் அரசு உளவுத் துறையினர் நால்வர் கீழ் நீதிமன்றத்தில் இரண்டு முறை தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த விடுதலைத் தீர்ப்பு 2024 பிப்ரவரியில் வெளியானது. கொன்றவர் என்று சட்டப்படி இன்று யாரும் இல்லை.

2000 அக்டோபர் 5 அன்று மிலோஷேவிச் வீழ்ந்தபின் ‘வ்ரேமே’காரர்களின் எழுத்து வேறு பயன்பாட்டுக்கு வந்தது. ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றத்தில் 2002 இல் அதன் செய்தியாளர் தேயான் அனஸ்தாசியேவிச் மிலோஷேவிச்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2007 ஏப்ரல் 14 அதிகாலை, பெல்கிரேடில் அவர் வீட்டு ஜன்னல் விளிம்பில் வைத்த இரண்டு கையெறி குண்டுகளில் ஒன்று வெடித்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தப்பினார்கள். சர்வாதிகாரி போய் ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘நின்’ இதற்கிடையே மெதுவாகத் தன்னை மீட்டெடுத்துக்கொண்டது. ‘பொலிதிகா’ நிறுவனத்திடமிருந்து விலகியது. 2009 இல் சுவிட்சர்லாந்தின் ரிங்கியர் குழுமம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அப்போது அதிகம் விற்ற நாளிதழ்களில் ஒன்றான ‘பிளிட்ஸ்’ஸும் அதே குழுமத்துடையது. வெளிநாட்டு முதலாளி வந்தால் இதழ் நீர்த்துப்போகும் என்று பயந்தார்கள். சில ஆண்டுகள் அப்படி நடக்கவில்லை. ‘நின்’ தன் இளமைக்கால வம்புக்குத் திரும்பியதே இந்தக் காலத்தில்தான். அதற்குச் சான்று சவாமாலா வழக்கு.

2016 ஏப்ரல் 24 அன்று செர்பியாவில் தேர்தல். வாக்கு எண்ணிக்கையில் நாடே மூழ்கியிருந்த அந்த இரவில், சாவா ஆற்றங்கரையில் உள்ள சவாமாலா பகுதியின் ஹெர்ட்செகோவாச்கா தெருவுக்கு முகமூடி அணிந்த ஆட்கள் மண்வாரி இயந்திரங்களோடு வந்தார்கள். வழியில் போனவர்களையும் இரவுக் காவலாளியையும் பிடித்துக் கட்டிப்போட்டு, கைப்பேசிகளைப் பறித்துக்கொண்டு, கட்டடங்களை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். பார்த்தவர்கள் காவல் துறையை அழைத்தார்கள். யாரும் வரவில்லை. வரக்கூடாது என்ற முடிவோடுதான் வரவில்லை என்பதை அரசின் மக்கள் குறைதீர்ப்பாளரே விசாரித்து அறிக்கை கொடுத்தார். அந்த இடம் ஐக்கிய அரபு அமீரக முதலீட்டில் எழும் ‘பெல்கிரேடு நீர்முகப்பு’ என்ற பெரும் கட்டுமானத் திட்டத்துக்குத் தேவைப்பட்டது. எதிர்ப்பின் சின்னமான மஞ்சள் வாத்துப் பொம்மையோடு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

‘நின்’ ஜூன் மாதத்தில் உள்துறை அமைச்சர் நெபோய்ஷா ஸ்தெஃபானோவிச்சின் முகத்தை அட்டையில் போட்டு, சவாமாலாவின் முதன்மை முகமூடி இவர்தான் என்ற பொருளில் தலைப்பிட்டது. இதழின் வாதம் எளிமையானது: காவல் துறை அமைச்சருக்குக் கீழே வருகிறது, அது அன்றிரவு வரவில்லை, பொறுப்பு யாருடையது? அமைச்சர் தன் மானம் போனதாக வழக்குப் போட்டார். செர்பிய நீதிமன்றங்களின் வழக்கத்துக்கு மாறான வேகத்தில், 2017 ஜனவரியிலேயே முதல் தீர்ப்பு வந்தது: அமைச்சருக்கு 3 லட்சம் தினார் கொடுக்க வேண்டும். பதவியில் இருப்பவர் சாதாரணக் குடிமகனைவிட அதிக விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் நெறி. மேல்முறையீட்டில் தீர்ப்பு ‘நின்’னுக்குச் சாதகமாக மாறியது. இடிப்புக்கு உத்தரவிட்டவர் யார் என்பது மட்டும் இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை.

அந்தத் தொகை பெரிதல்ல, ஐரோப்பியக் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் யூரோதான். ஆனால் அந்த அட்டைக்குப் பின் ‘நின்’ மறுபடி அச்சப்பட வேண்டிய இதழாயிற்று. அரசின் கையில் இதைவிட நயமான கருவிகள் இருந்தன. செர்பியாவில் விளம்பரச் சந்தை சிறியது. அரசு நிறுவனங்களும் அரசோடு தொடர்புள்ள நிறுவனங்களும்தான் பெரிய விளம்பரதாரர்கள். ஆளும் கட்சியின் எதிரிகளை நாள்தோறும் முதல் பக்கத்தில் கிழிக்கும் மலிவு நாளிதழ்களுக்கு விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. வார இதழ்களுக்கு உண்டு.

2023 டிசம்பர் தேர்தலை ஒட்டிய நாட்களில் ரிங்கியர் ‘நின்’ இதழைக் கைமாற்றும் செய்தி வந்தது. வாங்கியவர் வெளியாள் இல்லை. ரிங்கியரின் செர்பிய நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவரே. ஆசிரியர் குழு நம்பவில்லை. முதன்மை ஆசிரியர் மிலான் சுலிபர்க்கும் பெரும்பாலான செய்தியாளர்களும் வெளியேறி, 2024 மார்ச்சில் ‘ராதார்’ என்ற வார இதழைக் கொண்டுவந்தார்கள். அதே கையெழுத்துகள், அதே வகை நேர்காணல்கள், பெயர் மட்டும் வேறு. புதிய ‘நின்’ அரசின் ஊதுகுழலாகிவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை; அது இன்னும் நல்ல காகிதத்தில் கனமான கட்டுரைகள் போடுகிறது. ஆனால் ஓர் இதழை வாங்கும்போது அதை எழுதியவர்கள் ஏறக்குறைய அனைவரும் எழுந்து போவது, வாங்கியவர் பற்றி அவர்கள் கொடுத்த சான்றிதழ். வாசகர் அதைப் படித்துவிட்டார்.

பரிசு பெயரோடு தங்கிவிட்டது. பதிப்பாளர்கள் இன்றும் நாவல்களை ‘நின்’னுக்குத்தான் அனுப்புகிறார்கள். அனுப்பாமல் இருக்க முடியுமா என்பது எழுத்தாளர்களுக்குக் கடினமான கேள்வி. 2021 தொடக்கத்தில், உரிமை கைமாறும் முன்பே, எழுத்தாளர்களில் ஒரு பகுதியினர் நடுவர் குழுவின் மீது நம்பிக்கை இல்லை என்று பரிசைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே கவிதை வடிவில் எழுதிய ஒரு நாவலுக்காக மிலேனா மார்கோவிச் பரிசு பெற்றார். சண்டை வேறு திசைக்குப் போனது. எழுபது ஆண்டுகளாக இது இப்படித்தான் பிழைத்திருக்கிறது.

‘ராதார்’ பக்கமும் கேள்விகள் இல்லாமல் இல்லை. அது நிற்பது என்1 செய்தித் தொலைக்காட்சியையும் ‘தானாஸ்’ நாளிதழையும் நடத்தும் யுனைடெட் மீடியா குழுமத்தின் நிழலில். செர்பியாவில் அரசுக்கு எதிரான குரல்களில் பெரும்பகுதி இப்போது அந்த ஒரே குழுமத்துக்குள் இருக்கிறது. அதன் பெரும்பான்மைப் பங்கு லண்டனைச் சேர்ந்த பிசி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம். 2025 ஜூனில், நோவி சாத் ரயில் நிலையக் கூரை இடிந்து விழுந்ததை அடுத்த மாணவர் போராட்டங்கள் தொடர்ந்துகொண்டிருந்தபோது, அந்தக் குழுமத்தை நிறுவியவரான த்ராகான் ஷோலாக் உள்ளிட்ட பழைய தலைமை அகற்றப்பட்டது. என்1 செய்தியாளர்கள் அடுத்து தங்கள் முறை என்று வெளிப்படையாகவே பேசத் தொடங்கினார்கள். ‘வ்ரேமே’யின் பின்னால் அப்படி ஒரு குழுமம் இல்லை, பணமும் அந்த அளவுக்கு இல்லை. ‘ராதார்’காரர்கள் இன்னொரு முறை மேசையைக் காலி செய்ய நேர்ந்தால், பெல்கிரேடில் மேலும் ஒரு புதிய வார இதழைத் தாங்கும் அளவுக்கு வாசகர்களும் விளம்பரமும் இருக்குமா என்பதுதான் இப்போது அங்கே பேசப்படும் கணக்கு.